பட்டுப் பசை பூசிய ஸ்பீக்கர்

ஆடி இரண்டாம் வெள்ளியன்று வடிவு ஒரு மைக்கில் சொன்ன நாலு வாக்கியங்கள், ஆவணியில் அவள் மகளின் கல்யாணத்தன்று, தாலி கட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஊர்க் காதில் விழுந்தன. நடுவில் இருந்த அத்தனை நாளும் அவை ஒரு பதினைந்து அங்குல ஸ்பீக்கரின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தன. காஞ்சிபுரத்தில் அந்த வருஷம் தக்காளி மலிவு, மல்லிகை கிராக்கி, மழை சீக்கிரமே வந்துவிட்டது. இதையும் அந்த வரிசையில் வைத்துத்தான் ஜனங்கள் சொல்கிறார்கள்.

வடிவுக்கு ஸ்பீக்கர் கோன் மாற்றுவது தொழில். செவிலிமேட்டுக்குப் போகிற ரோட்டில் ஒற்றை ஷட்டர் கடை. சுற்று வட்டாரத்தில் எந்த மைக் செட்காரன் பெட்டி கரகரத்தாலும், பொருமினாலும், வாயடைத்துப் போனாலும் அவளிடம்தான் வரும். கோன் என்பது காகிதம். சுண்டினால் வறுத்த அப்பளத்தின் சத்தம் வரவேண்டும், வராவிட்டால் ஈரம் குடித்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் கோனைவிடத் தொல்லை அதன் விளிம்பில்தான். கோனை இரும்புச் சட்டத்தோடு பிடித்துக்கொண்டு, அதே சமயம் துள்ளவும் விடவேண்டும் அது. ஃபோம் விளிம்பு நாலைந்து மழைக்காலம் தாங்கும், அப்புறம் விரல் பட்டால் ரஸ்க் மாதிரி உதிரும். ரப்பர் உழைக்கும், ஆனால் கனம். கோயில், கூட்டம், கல்யாணம் என்று நாள் முழுக்க அலறுகிற பெட்டிகளுக்குத் துணி விளிம்புதான் சரி. மடிப்பு மடிப்பாக அமுக்கிய துணி, அதன்மேல் பிசுபிசுவென்று ஒரு கறுப்புப் பூச்சு. பூசாவிட்டால் நூல் சந்தில் காற்று கசியும். பூசியது காய்ந்து விறைத்துப் போனால் பெட்டிக்குத் தொண்டை கட்டிவிடும். கிழிந்த கோனாக இருந்தால் மெல்லிய காகிதம் ஒட்டி, மேலே கறுப்படித்துக் கொடுத்துவிடுவாள். பெட்டிக்குச் சொந்தக்காரனே பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் எங்கே கிழிந்திருந்தது என்று தெரியாது. ஒரு குறை வெளியே தெரியாமல் செய்வதுதான் கெட்டிக்காரத்தனம் என்று அவள் இருபது வருஷமாக நம்பியிருந்தாள்.

ஆடி பிறந்தால் காஞ்சிபுரத்தில் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ், கூழுக்கு மைக் செட், மைக் செட்டுக்கு வடிவு. அந்த ஆடியில் வேலை குவிந்த நேரம் பார்த்துக் கறுப்புப் பூச்சு தீர்ந்துபோயிற்று. சென்னையிலிருந்து டின் வர ஒரு வாரமாகும் என்றார்கள். வேறு ஊர்க்காரி என்றால் ஒரு வாரம் காத்திருப்பாள். காஞ்சிபுரத்துக்காரியின் கை பட்டைத் தேடித்தான் போகும். அவள் புருஷன் பூவராகவனுக்குச் சாயப் பட்டறையில் வேலை. கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்து, புழு கக்கிய பசையை நீக்குவார்கள். அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போகும். அதில் ஒரு வாளியைக் கொண்டுவரச் சொல்லி, வடிவு அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சினாள். தேன் நிறத்தில் வந்தது. தொட்டால் ஒட்டியது, விறைக்கவில்லை. மூன்று ஸ்பீக்கருக்கு அதைப் பூசினாள். பூவராகவன் மட்டும், "புழு தன் கூட்டையே அத வெச்சித்தான் கட்டிக்கினு இருக்குது. எதையும் உடாது அது, பாத்துக்கோ" என்றான். அவன் எதைச் சொன்னாலும் இப்படி ஒரு தினுசாகத்தான் சொல்வான் என்று அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவள் மனசெல்லாம் மகள் நதியாவின் கல்யாணத்தில் கிடந்தது. நதியாவுக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. விடிந்தும் விடியாமலும் கம்பெனி பஸ் பிடிப்பவள். ஆறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது. வழக்கப்படி பக்கத்து வீட்டில் தங்கச் சங்கிலி இரவல் வாங்கிக் கழுத்தில் போட்டார்கள். வீக்கம் வடிந்தது, சங்கிலியைத் திருப்பிக் கொடுத்தார்கள், இடது காது மட்டும் திரும்பி வரவில்லை. ஒற்றைக் காதால் எல்லாம் கேட்கும் அவளுக்கு. சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது மட்டும் தெரியாது. பின்னால் கூப்பிட்டால் முன்னால் பார்ப்பாள், மாடியிலிருந்து கூப்பிட்டால் தெருவைப் பார்ப்பாள். மற்றபடி பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனிக் கடைசியில் ஓரிக்கையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பூ வைக்க வந்த அன்று, நாற்காலிகளை எப்படிப் போடுவது என்று வடிவு காலையிலிருந்தே மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, மகளின் வலது காது விருந்தாளிகள் பக்கம் இருக்கும்படி உட்கார வைத்தாள். மாப்பிள்ளை லோகேஸ்வரன் பைக் ஷோரூமில் மெக்கானிக், அதிகம் பேசாதவன். அவன் அம்மா சுகாசினி வாய் நிறையப் பேசுகிறவள், கை நிறையப் பூ கொண்டுவந்தவள். போகும்போது நதியாவின் கன்னத்தை வழித்து, இடது காதில் ஏதோ ரகசியம் சொல்லிச் சிரித்தாள். நதியாவும் சிரித்தாள். வடிவு சட்டென்று நடுவில் புகுந்து வெற்றிலைத் தட்டை நீட்டினாள்.

ஆடி பிறந்து ஒரு வாரம் ஆனபோது நதியா கேட்டாள். "அம்மா, நானே அவருகிட்ட சொல்லிர்றேன். தெனம் போன்ல பேசிக்கினுதான இருக்கோம்."

"வாயத் தொறந்தன்னா பாரு. கல்யாணம் ஆவட்டும். அப்பால தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவுது."

"அதுக்குப் பேரு இன்னாம்மா?"

"ஒண்ணும் பேரில்ல. என் தலமேல கை வெச்சி சத்தியம் பண்ணு."

நதியா சத்தியம் பண்ணினாள், அம்மாவோடு இரண்டு நாள் பேசவில்லை. அந்த இரண்டு நாளில் இரண்டாவது நாள்தான் ஆடி இரண்டாம் வெள்ளி. வடிவு கடையில் தனியாக உட்கார்ந்து, பசை பூசிய மூன்றாவது ஸ்பீக்கரைச் சோதித்துப் பார்த்தாள். மைக்கில் ஊதினாள். கோன் துடித்தது, விரல் வைத்துப் பார்த்தால் துடிப்பு தெரிந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. எங்கேயோ ஒயர் விட்டிருக்கிறது என்று நினைத்தாள். சத்தம் வராத மைக் ஒன்று கையில் கிடைத்து, மனசில் ஒரு பாரமும் இருந்தால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? வடிவு மைக்கை உதட்டருகே வைத்துச் சொன்னாள்: "நதியாவுக்கு எடது காது கேக்காது. சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கில போயிடுச்சி. மாப்ள வூட்ல நான் சொல்லல. சொன்னா வேணான்னுடுவாங்க, அந்தாண்ட சனம் அப்டித்தான்." சொன்னதும் கொஞ்சம் லேசாக இருந்தது. மறுபடி ஊதினாள், கணீரென்று சத்தம் வந்தது. ஒயர் தானாகச் சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டு, பெட்டியை மூடி, சவுண்ட் சர்வீஸ் மணிவண்ணனிடம் கொடுத்தனுப்பினாள்.

முதல் ஸ்பீக்கர் பேசியது பிள்ளையார்பாளையத்தில். அம்மன் பாட்டு நடுவில் பாட்டை நிறுத்தாமலே, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட், இன்னாடா இது சத்தமே காணோம்" என்று வடிவின் குரலில் சொல்லிவிட்டு, மீண்டும் பாட்டுக்கே போயிற்று. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தார்கள். இரண்டாவது, தாமலில். அதை வடிவு சோதிக்காமலே கொடுத்துவிட்டிருந்தாள். கோயில்காரர் தணிகாசலம்தான் முதலில் அதில் பேசினார். அன்று அவர் தொண்டை கிழியக் கூப்பிட்டும் சத்தம் வராமல், கூழ் ஊற்றுகிற விஷயத்தை வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. திருவிழா முடிந்து, பெட்டியை டெம்போவில் ஏற்றி ஏரிக்கரைமேல் போய்க்கொண்டிருந்தபோது, ஒயரும் இல்லை கரண்டும் இல்லை, பெட்டி தணிகாசலத்தின் குரலில் கூப்பிட ஆரம்பித்தது: "கூழு ஊத்தறோம், எல்லாரும் ஏனம் எடுத்துக்கினு வாங்க!" ஜனங்கள் பாத்திரம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். டெம்போக்காரன் பயந்து கத்தியால் கோனைக் கீறினான்; கீறின இடம் வழியாகக் குரல் இன்னும் பலமாக வந்தது. வந்த ஜனத்தைத் திருப்பி அனுப்புவது அம்மனுக்கு ஆகாது என்று மறுபடியும் கேழ்வரகு கரைத்தார்கள். அந்த வருஷம் தாமலில் ஆடிக்கூழ் இரண்டு தடவை.

கீறின ஸ்பீக்கர் வடிவிடம் வந்தது. விளிம்பைத் தடவிப் பார்த்தாள். தேன் நிறப் பூச்சு சுத்தமாகக் காய்ந்து, தோசைக்கல்லில் கஞ்சி காய்ந்தமாதிரி பொருக்குத் தட்டியிருந்தது. தொழில் தெரிந்தவளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பசை ஈரமாக இருக்கையில் முதலில் வந்து விழுகிற சொற்களைப் பிடித்துக்கொள்கிறது. ஒட்டுவதற்கு அவ்வளவுதான் இடம். மிச்சத்தை ஒழுங்காகப் பாடுகிறது. அடிவரை காய்ந்த அன்று பிடித்ததை விட்டுவிடுகிறது. இதைப் புரிந்துகொண்ட மறு நிமிஷம் மூன்றாவது ஸ்பீக்கர் ஞாபகம் வந்தது. கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மணிவண்ணனிடம் ஓடினாள். வேறு ஸ்பீக்கர் தருகிறேன், அதைக் கொடுத்துவிடு என்றாள். அதற்குள் தாமல் சங்கதி ஊரெல்லாம் பரவி, பட்டுப் பசை பூசிய பெட்டிதான் வேண்டும் என்று தெருவுக்குத் தெரு கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

"குடுக்க மாட்டேங்கா. உன் கைராசிப் பொட்டி அது. ஆமா, நீ ஏன் இப்டி வேர்த்துக்கினு நிக்கிற? அதுல இன்னா பேசி வெச்சிக்கிற?"

"ஒண்ணும் இல்லப்பா. பூச்சு சரியா நிக்கல, அதான்."

"அப்போ வந்து பூசிட்டுப் போ."

வடிவுக்கு அது ஒரு வழியாகப் பட்டது. காயாத வரைக்கும் வெளியே வராது. தின்னர் போட்டுத் துடைத்துவிடலாமா என்றால், தின்னர் பட்டால் சட்டென்று காய்ந்துவிடும். ஆகையால் அன்று தொடங்கி, கூஜாவில் பசைத் தண்ணீரும் முந்தானையில் செருகிய பிரஷுமாக வடிவு அந்தப் பெட்டிக்குப் பின்னால் அலைந்தாள். பெட்டி ஓரிக்கைக்குப் போனால் அவளும் ஓரிக்கை. திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போனால் அழையாத விருந்தாளியாக அங்கேயும். பெட்டியின் முகப்பு வலையைக் கொஞ்சம் நெம்பி, பிரஷை உள்ளே விட்டு, விளிம்பைச் சுற்றி ஒரு தடவை தடவுவாள். ஆடிக் காற்று அடிக்கிற அடியில் மாலைக்குள் மறுபடி பொருக்குத் தட்டும். ஸ்பீக்கர் இரும ஆரம்பித்தால் பிரஷோடு ஓடுவாள். சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போன வீடுகளில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசமுடியாமல் எழுந்து ஓடினாள். ஓரிக்கைத் திருவிழாவில் சுகாசினியே அவளைப் பார்த்துவிட்டு, சம்பந்தியம்மா எவ்வளவு பொறுப்பாக வேலை செய்கிறாள் என்று தெருவுக்கே சொல்லி மகிழ்ந்தாள். அதைக் கேட்டபோது வடிவுக்குச் செத்துப் போகலாம் போலிருந்தது.

கடைசியில் பூவராகவனிடம் சொல்லி அழுதாள். அவன், "உள்ள இருக்கறது வெளிய வந்துதான ஆவணும்? யாரும் இல்லாத எடத்துல வரட்டும்" என்றான். மணிவண்ணனிடம் கெஞ்சி ஒரு நாள் இரவல் வாங்கி, புருஷனும் பெண்டாட்டியுமாகப் பெட்டியைப் பாலாற்று மணலுக்குக் கொண்டுபோனார்கள். வலையைக் கழற்றி, ஸ்பீக்கரைச் சூரியனைப் பார்த்து வைத்தார்கள். நல்ல வெயில். பூச்சு ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. பிற்பகலில் ஸ்பீக்கர் தொண்டையைச் செருமியது. "நதி..." என்றது. வடிவு பூவராகவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சமயத்தில்தான் தாமல் பக்கமிருந்து மழை வந்து ஊற்றியது. பூவராகவன் தன் சட்டையைக் கழற்றிப் போட்டு மூடியும் பயனில்லை. பூச்சு முழுக்கக் குழைந்து, ஒட்டியிருந்ததெல்லாம் மறுபடி கெட்டியாக ஒட்டிக்கொண்டது. மறுநாள் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் இரவல் கிடைக்கவில்லை.

கல்யாணத்துக்கு வேறு பெட்டி போதும் என்று வடிவு படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மணிவண்ணன் பாசக்காரன். மண்டபத்தில் விடியற்காலையில் அவள் கால் வைத்தபோது, மணமேடையின் இடது ஓரத்தில் அதே பெட்டி நின்றது, மேலே ஒரு முழம் மல்லிகையோடு. "உனுக்குன்னு நாலு ஆர்டர உட்டுட்டு எடுத்தாந்தேங்கா" என்றான். வடிவு அவனுக்கு நன்றி சொன்னாள். பிறகு பூவராகவனைப் பட்டறைக்கு விரட்டி, ஒரு கூஜா பசைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பெண்ணின் அம்மா, அரக்குப் பட்டுப் புடவையில், முந்தானைக்கடியில் பிரஷை மறைத்துக்கொண்டு, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து ஸ்பீக்கருக்குப் பூசிக்கொண்டிருந்தாள். ஆரத்தி எடுக்கக் கூப்பிட்டார்கள், போய் எடுத்துவிட்டு ஓடிவந்தாள். முகூர்த்தப் புடவை எங்கே என்று கேட்டார்கள், கையைக் காட்டினாள். தாலி ஏறி, சாப்பாடு முடிந்து, இந்தப் பெட்டி டெம்போவில் ஏறிவிட்டால் போதும். அவ்வளவுதான் அவள் அம்மனிடம் கேட்டது.

மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளைக்கு வலப்பக்கம் பெண் உட்காருவது முறை. அப்படி உட்கார்ந்தால் நதியாவின் இடது காதுதான் லோகேஸ்வரன் பக்கம் இருக்கும். அவன் குனிந்து ஏதோ சொன்னான். அவள் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மறுபடி சொன்னான். அவள் நேரேதான் பார்த்தாள். அவன் முகம் கொஞ்சம் வாடுவதை வடிவு பார்த்தாள், பிரஷை இறுக்கிப் பிடித்தாள். அப்போது சுகாசினி வந்தாள். "இன்னா சம்பந்தி, இப்டி வேர்த்து ஊத்துது உனுக்கு?" என்று தன் கையாலேயே பெரிய ஸ்டாண்டு ஃபேனை இழுத்துவந்து அவளைப் பார்த்துத் திருப்பிவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல வடிவு வாயெடுப்பதற்குள் ஐயர் கூப்பிட்டார், பெண்ணைப் பெற்றவர்கள் தாரை வார்க்க மேடைக்கு வரவேண்டும் என்று. போகாமல் முடியுமா? பூவராகவன் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்தான். வடிவு செம்புத் தண்ணீரை ஊற்றினாள். ஒரு பக்கம் ஓமத்தின் அனல், இன்னொரு பக்கம் சுகாசினி அன்பாக வைத்த ஃபேன், நடுவில் ஸ்பீக்கர். தண்ணீர் ஊற்றிக்கொண்டே வடிவு அதையே பார்த்திருந்தாள். செம்பு காலியான பிறகும் கவிழ்த்தபடியே நின்றாள்.

நாதஸ்வரம் ஓய்ந்த இடைவெளியில் ஸ்பீக்கர் செருமியது. பிறகு வடிவின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. நதியாவுக்கு இடது காது கேட்காது என்றது. பொன்னுக்கு வீங்கியைச் சொன்னது. மாப்பிள்ளை வீட்டில் சொல்லவில்லை என்றது. கடைசி வாக்கியத்தையும் ஒரு எழுத்து விடாமல் சொன்னது: "சொன்னா வேணான்னுடுவாங்க, அந்தாண்ட சனம் அப்டித்தான்." பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள்கூட வாளியோடு நின்றுவிட்டார்கள். நதியாவுக்கு அம்மாவின் குரல் கேட்டது, எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. எதிரே நின்ற அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் வாய் மூடியிருந்தது. கூட்டத்தைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள், கழுத்து மாலை நடுங்கியது.

லோகேஸ்வரன் எழுந்தான். போகிறான், எல்லாம் போயிற்று, என் பெண் வாழ்க்கையை நானே என் வாயால் கெடுத்தேன் என்று வடிவு பூவராகவன்மேல் சாய்ந்தாள். லோகேஸ்வரன் மாலையைக் கழற்றவில்லை. மணையைக் கையில் எடுத்துக்கொண்டு, நதியாவுக்குப் பின்பக்கமாகச் சுற்றி வந்து, அவளுக்கு வலப்பக்கத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்தான்.

"மாப்ள, அப்டி எடம் மாறி ஒக்காரக் கூடாதுப்பா" என்றார் ஒரு பெரியவர்.

"அந்தப் பக்கம் ஒக்காந்து ரெண்டு தபா சொன்னேன், அவ காதுல உழலயே" என்றான் லோகேஸ்வரன். பிறகு நதியாவின் வலது காதருகே குனிந்து, முன்னே சொன்னதையே மூன்றாம் தடவையாகச் சொன்னான். அது என்ன என்று ஊருக்குத் தெரியாது. அவள் அழுதுகொண்டே சிரித்ததை மட்டும் எல்லாரும் பார்த்தார்கள். ஐயர் மாற்றமில்லாமல் மந்திரத்தைத் தொடர்ந்தார், மேளம் கொட்டியது, தாலி அந்தப் பக்கத்திலிருந்தே ஏறியது.

சுகாசினி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். வடிவு போய்க் காலடியில் உட்கார்ந்தபோது, "காது கேக்காததுல எனுக்கு ஒண்ணுமே இல்ல சம்பந்தி. எங்கள அப்டி நெனச்சிட்டியே, அதான்" என்றாள். அந்த வருஷத் தீபாவளிக்கு அவள் வடிவு வீட்டுக்கு வரவில்லை. பொங்கலுக்கு வந்தாள். நதியா அம்மாவிடம் கோபித்துக்கொள்ளவும் இல்லை, மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை. "இனிமே எங்கிட்ட சத்தியம் கேக்காதம்மா" என்று மட்டும் சொன்னாள். வடிவு கேட்பதில்லை. கிழிந்த கோனை ஒட்டிக் கொடுக்கும்போது இப்போதெல்லாம் கறுப்படிப்பதும் இல்லை. ஒட்டிய இடத்தைச் சொந்தக்காரனுக்கே காட்டி, இந்த இடம், இவ்வளவு சத்தம்தான் வை என்று சொல்லிக் கொடுக்கிறாள்.

சென்னையிலிருந்து கறுப்புப் பூச்சு டின் ஒழுங்காக வருகிறது. ஆனாலும் பட்டுப் பசை கேட்டு வருகிறவர்கள் உண்டு. எப்போது காய்ந்து வெளியே வரவேண்டுமோ அதற்கேற்ப மழைக்காலமா வெயில்காலமா என்று பார்த்து, சொல்ல வேண்டியதை மைக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். மணிவண்ணன் அந்தப் பெட்டியை இன்னும் வாடகைக்கு விடுகிறான், அது இப்போது பாட்டு மட்டும்தான் பாடுகிறது. ஓரிக்கையில் கல்யாணம் என்றால், மணை போடுவதற்கு முன்னால் பெண்ணுக்கு எந்தக் காது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறார்கள். இரண்டும் கேட்கும் என்றால் பழைய முறைப்படியே உட்கார வைக்கிறார்கள்.